மாப்பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போன கதை

"நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க. நான் வரல."

சபாபதி இதைச் சொன்னபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கல்வராயன் மலையின் மேல், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில், ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். புல் நுனியெல்லாம் பனி முத்து. எங்கேயோ ஒரு மாட்டின் கழுத்து மரமணி 'டொக் டொக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

சபாபதி என் நண்பன். ஒரே மில், ஒரே ஷிஃப்ட், ஒரே டீக்கடை. அவ்வளவுதான் என்றால் "சரிடா, இருந்துட்டு வா" என்று நான் பாட்டுக்கு இறங்கியிருப்பேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவனுக்குக் கல்யாணம். பெண் யாரென்றால், என் கூடப்பிறந்த தங்கை தனலட்சுமி. திங்கட்கிழமை காலை இரண்டு வீட்டிலும் பந்தக்கால் நட வேண்டும். மாப்பிள்ளை இல்லாமல் மாப்பிள்ளை வீட்டில் பந்தக்கால் கிடையாது. நாங்கள் புல்லில் நின்றுகொண்டிருந்தது ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கையின் மாப்பிள்ளையை மலைமேல் ஏற்றிவிட்டு, இறக்க வழி தெரியாமல் முழித்த அண்ணன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். போன வாரம் நான் சைக்கிள் பழகிச் சாக்கடையில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, "இதைவிட முட்டாள்தனம் செய்ததுண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, இதோ.

எங்களுக்குத் தெரிந்த மலை

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் ஊரில் உயரமான இடம் கோரிமேடு. அதுவும் பேரில்தான் மேடு. சைக்கிளில் போகிறவன் நாலு மிதி அழுத்தி மிதித்தால் முடிந்துபோகும். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் கடற்கரையில் விளக்குத் தூண் இருக்கிறது, அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

மலை ஆசையைக் கிளப்பியது அந்துவான். எங்கள் மூவரில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன் ஒருவன்தான். படித்துவிட்டு எங்களோடு அதே மில்லில்தான் சேர்ந்தான் என்பதால் அந்தப் படிப்பைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அவன் சின்ன வகுப்பில் படித்த புத்தகத்தில் ஒரு படம் உண்டாம். மலைக்கு மேலே பச்சைப் பசேலென்று புல்வெளி, அதில் கழுத்தில் மணி கட்டிய ஒரு கொழுத்த பசு. பசுவைவிட அந்தப் புல்தான் அவன் மனசில் ஒட்டிக்கொண்டது. "மலைக்கு மேல எப்படிடா சமதரை இருக்கும்?" என்று நான் கேட்டால், "பிரான்சுல இருக்கும்" என்பான். பிரான்சில் எல்லாம் இருக்கும். அதை மறுக்க எங்களுக்கு வழியில்லை.

அப்புறம் ஒரு நாள், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், அவர் ஊர் மலையிலும் அப்படி ஓர் இடம் உண்டு என்று சொல்லித் தொலைத்தார். ஏறிப் போனால் மேலே தரை சமமாகிவிடுமாம். கண்ணுக்கு எட்டின மட்டும் புல்லாம். மரம்கூடக் கிடையாதாம்.

"எவ்ளோ தூரம் மேஸ்திரி?" என்று அந்துவான் கேட்டான்.

"அடிவாரத்துலேருந்து பதினொண்ணு" என்றார் அவர்.

அந்தப் பதினொன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டதைவிடக் கொஞ்சம் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் லீவு வந்தது. மில் சங்கு ஊதாத நாட்கள். கல்யாணத்துக்கு அப்புறம் உன்னை யார் வெளியே விடுவார்கள் என்று நான்தான் சபாபதியைக் கிளப்பினேன். அவன் உடனே சரி என்றுவிட்டான். எதற்குமே உடனே சரி சொல்லாதவன் அவன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் உண்மையைச் சொன்னால் செருப்படி விழும். அதனால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறோம் என்றோம். மாப்பிள்ளை தானே அலைந்து பத்திரிகை வைக்கிறாரே என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை பத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "மாப்ளய பாத்து கத்துக்க" என்றார்.

பட்டாளத்துப் பை

அந்துவானின் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் இந்தோசீனாவில் முதுகில் சுமந்த கித்தான் பை ஒன்று பீரோவுக்கு மேலே கிடந்தது. தூக்கினால் பூச்சி உருண்டை வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் கலந்து வரும். அதை அந்துவான் எடுத்துக்கொண்டான். அவருடைய பூட்ஸை சபாபதிக்குக் கொடுத்தான். அது இரண்டு அளவு பெரியது. பரவாயில்லை என்று பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டான். மில்காரனுக்குப் பஞ்சுக்கா பஞ்சம்?

எனக்குப் பை இல்லை. ஓர் அரிசிக் கோணியில் இரண்டு பழைய துண்டுகளைக் கோத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் திருடிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இருந்ததாக அந்துவான் சொன்னான். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான் என்றான் சபாபதி.

கோணிக்குள் நான் வைத்தவை: முகம் பார்க்கும் கண்ணாடி, தேங்காயெண்ணெய், பவுடர் டப்பா, குடை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று. மலைமேல் எனக்காக யார் காத்திருப்பதாக நினைத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சாப்பாடு எடுத்து வந்தது அந்துவான் மட்டும்தான். பேக்கரியில் அன்று காலை சுட்ட நீள ரொட்டி ஆறு, மீன் டின் மூன்று.

புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் மதுவிலக்கு. எங்கள் ஊர்க்காரன் தும்மினால்கூடச் சாராய வாசனை பார்ப்பார்கள். போலீஸ்காரர் சித்தப்பாவின் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆறு ரொட்டியையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அப்புறமும் திருப்தியில்லாமல் ஒன்றை இரண்டாக ஒடித்தார். உள்ளே ரொட்டிதான் இருந்தது. "இதப் போயா இவ்ளோ பத்திரமா தூக்கிட்டுப் போறீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார். ஒடித்ததில் பாதியை அவருக்கே கொடுத்துவிட்டோம்.

பதினொன்று

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். அந்துவான் கணக்கு ஒன்று போட்டு வைத்திருந்தான். சித்தப்பாவின் பட்டாளம் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கும். நாங்கள் பட்டாளம் இல்லை, மேட்டில் வேறு ஏறுகிறோம், ஆகையால் மூன்று. பதினோரு கிலோமீட்டருக்கு நாலு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு மணிக்குப் புல்வெளி. மறுநாள் காலை சாவகாசமாக இறங்கினால் இரண்டு மணி பஸ். இருட்டுவதற்கு முன்னால் வீடு. பந்தக்காலுக்கு ஒரு முழு ராத்திரி மிச்சம்.

வண்டிப் பாதையோரமாகக் கல் நட்டு, மேலே போக மிச்சமிருக்கும் தூரத்துக்கு எண் போட்டிருந்தார்கள். பத்து என்ற கல்லுக்குப் போய்ச் சேர அரைமணிக்கு மேல் ஆனது. அந்துவான் கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டினான், போலீஸ்காரர் ரொட்டியை ஆட்டியது போல. ஒன்பதாம் கல்லுக்கு முக்கால் மணி. எட்டாம் கல்லுக்கு அதற்கும் மேலே. சித்தப்பா மட்டும் இதைப் பார்த்தால் எங்களை அங்கேயே சுட்டுவிடுவார் என்றான் அந்துவான்.

நான் குடைதான் காரணம் என்றேன். சபாபதி பூட்ஸ்தான் காரணம் என்றான். என் எண்ணெய் பாட்டில்தான் காரணம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அவனவன் அடுத்தவன் காலைச் சந்தேகப்பட்டோமே தவிர, கல்லைச் சந்தேகப்பட ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஆறாம் கல்லில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். தலையில் உப்பு மூட்டை, கையில் மண்ணெண்ணெய் டின். நாற்பது வயது இருக்கும். பேர் சடைச்சி என்று பிற்பாடு தெரிந்தது. மலைமேல் குடியிருப்பவள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். புல்வெளிக்கு என்றோம்.

"மாடு மேய்க்கவா?"

"இல்ல, பாக்க."

"மாட்டயா?"

"புல்ல."

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எங்களை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் என் கோணியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே என்று அந்துவான் அவளிடம் உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தான்.

"அது என்னா கிலோமீட்டரு? ஆறு மைலு" என்றாள் சடைச்சி.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் போட்ட ரோட்டில் கல் என்றால் கிலோமீட்டர் கல். பிறந்ததிலிருந்து வேறு கல் பார்த்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அப்போது எல்லாமே மைல். மேஸ்திரி சொன்னதும் மைல். அந்துவான் ஒரு குச்சியை எடுத்துப் புழுதியில் பெருக்கிப் பார்த்தான். கிட்டத்தட்ட பதினெட்டு கிலோமீட்டர் வந்தது. காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அதே பதினெட்டு.

"பிரெஞ்சுக்காரன் போயிட்டான், அளவ மட்டும் நம்ம கால்ல கட்டி வுட்டுட்டுப் போயிட்டான்" என்றான் சபாபதி.

திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். ஆனால் பாதி தூரம் வந்தாகிவிட்டது, இறங்குவதற்குள் அன்றைய பஸ்ஸும் போயிருக்கும். மேலே தன் வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று சடைச்சியும் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது அந்துவானின் புதுக் கணக்கு. சபாபதி எங்களைக் கேட்கவே இல்லை. எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தான்.

புல்

வெயில் சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேஸ்திரி பொய் சொல்லவில்லை.

காடு சட்டென்று நின்றது. அதற்கப்புறம் புல்தான். வெயில் அதன் மேல் படுத்துக் கிடந்தது. காற்று வந்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்தது, தறியிலிருந்து துணி உருண்டு வருவது மாதிரி. மில்லில் இரவு பகலாக இரைச்சலில் நிற்கிறவர்கள் நாங்கள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று நான் விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன்.

அந்துவான் பையை இறக்காமல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு பசு எழுந்து வந்தது. கழுத்தில் மரமணி. கொழுத்த பசு என்று சொல்ல முடியாது, விலா எலும்பை எண்ணலாம். ஆனாலும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றுதான் என்று சொன்னான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுத்ததில் ஒன்றாவது நிஜமாக இருந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

ராத்திரி சடைச்சி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நாங்கள் ரொட்டியும் மீனும் கொடுத்தோம். ரொட்டியை அவள் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு மாட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டார். ஒரு பத்திரிகையும் அவர்களுக்கு வைத்தோம். அப்பா கொடுத்த பத்தில் நாங்கள் ஒழுங்காக வைத்த பத்திரிகை அது ஒன்றுதான்.

மாட்டைப் பற்றி இன்னொரு விஷயம். வியர்வைச் சட்டையில் உப்பு இருக்கும், மாட்டுக்கு உப்பு என்றால் உயிர். இது எனக்குத் தெரியாது. நடந்து நனைந்த சட்டையை வேலியில் காயப்போட்டுவிட்டு, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியற்காலம் குளிருக்கு அதன் மேலே மாட்டிக்கொள்ளலாம் என்று போய்ப் பார்த்தால், பழைய சட்டையில் காலர்தான் மிச்சம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பசு இஸ்திரி போட்ட சட்டையின் இடது கைக்கும் வந்துவிட்டது. பிடுங்கினேன். அதுவும் பிடுங்கியது. கை அதற்கு, மிச்சம் எனக்கு.

இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று சபாபதியைத் தேடிப் போனபோதுதான், அவன் பாறையில் உட்கார்ந்துகொண்டு வரவில்லை என்று சொன்னான்.

எது சும்மா?

நான் முதலில் சிரித்தேன். கொப்புளத்துக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைத்தேன். அந்துவான் சிரிக்கவில்லை.

"என்னாடா?" என்றேன்.

"எறங்குனா கல்யாணம். அத யோசிக்கத்தான் வந்தேன்."

"பத்திரிகை அடிச்சாச்சுடா."

"அன்னிக்கு டீக்கடைல சொன்னியே. என் பேரச் சொன்னதும் உன் தங்கச்சி ரெண்டு நாளு சோறு திங்காம அழுதான்னு."

சொன்னேன்தான். மில் வாசல் டீக்கடையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் எடுத்து விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான்.

"அது சும்மா சொன்னதுடா" என்றேன்.

"எது சும்மா? அன்னிக்குச் சொன்னதா, இப்ப சொல்றதா?"

நாள் முழுக்கப் புளுகிக்கொண்டே இருப்பவனிடம் ஒரு நாள் உண்மை கேட்டால், அவன் எந்தக் கடைக்குப் போய் வாங்குவான்?

சபாபதி இடது கையை நீட்டினான். பஞ்சை வாரும் கார்டிங் மெஷின் அதில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டு வருஷம் ஒன்று ஆகியிருந்தது. மில்லில் நாங்கள் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தோம். அவன் விடவில்லை போலிருக்கிறது.

"தாலி கட்ட இந்தக் கையும்தான் வரும். அந்தப் பொண்ணு இதப் பாத்துதா? யாராவது அதக் கேட்டீங்களா?"

அப்புறம் அவன் சொன்னது அந்துவானுடைய அக்கா கல்யாணத்தைப் பற்றி. அந்துவான் வீட்டார் கிறிஸ்தவர்கள், மாதா கோயிலுக்குப் போவதற்கு முன்னால் மேரிக்குப் போக வேண்டும். மேரி என்றால் நகரசபை மன்றம். அங்கே மேர் என்கிற பெரிய மனிதர் மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, சபை நடுவில் பெண்ணை நேருக்கு நேர் பார்த்து உனக்குச் சம்மதமா என்று கேட்பார். பெண் வாயைத் திறந்து "உய்", அதாவது ஆமாம், என்று சொன்னால்தான் கல்யாணம். அக்கா கொஞ்ச நேரம் சும்மா நின்றாளாம். கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நான் அப்போது பின்வரிசையில் யாரையோ கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"அவங்க அக்காவுக்காவது கேக்க ஒரு ஆளு இருந்தாரு. உன் தங்கச்சிய யாரு கேட்டா?" என்றான் சபாபதி.

யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. தங்கை தனத்திடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் இருந்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவரா?" என்றாள். மேலே நறுக்கினாள். அந்த "அவரா"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, அந்தப் புல்லில் நிற்கும்போதும் தெரியாது.

"கேக்கல. நானும் கேக்கல. அழுதாளா இல்லியான்னும் எனக்குத் தெரியாது" என்றேன். வேடிக்கை கலக்காமல் நான் அவனிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். "நான் போய்க் கேட்டு வந்து சொல்றேன்."

"நீ சொல்லாத. நீ சொன்னா நம்ப மாட்டேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் கெஞ்சினேன், கோபித்தேன், அப்பாவின் பெயரைச் சொன்னேன், அவன் அம்மாவின் பெயரைச் சொன்னேன். இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் அந்துவான் எழுந்து பையை மாட்டினான்.

"அப்ப நீயே போய்க் கேளு. இங்க உக்காந்துகிட்டு பசுமாட்டயா கேக்கப் போற?" என்றான்.

சபாபதி அவனைப் பார்த்தான். அப்புறம் பூட்ஸைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு இறங்க ஆரம்பித்தான்.

ரெட்டியார்பாளையம் வந்தது

பஸ் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாலு மணிக்கு அடிவாரத்துக்கு வந்தோம். மூங்கில் லாரி ஒன்று கள்ளக்குறிச்சி வரைக்கும் ஏற்றிக்கொண்டது. அதற்கு மேலே வண்டி இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம், அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் ஊர்.

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்குள் பந்தக்கால் நட்டுவிடுவதாக ஏற்பாடு. நாங்கள் விழுப்புரத்தில் பஸ் மாறும்போதே அந்த நேரம் போய்விட்டது. இனி ஒன்பது மணிக்கு ராகுகாலம் விட்டால், பத்தரைக்கு எமகண்டம் வரும். நடுவில் ஒன்றரை மணி. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று, இறங்குகிறவனின் குடும்ப நலனை எல்லாம் விசாரித்துவிட்டுக் கிளம்பியது. நான் மனசுக்குள் டிரைவரைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சபாபதி வீடு ரெட்டியார்பாளையத்தில், ரோட்டுமேலேயே. எங்கள் வீடு அதைத் தாண்டி நெல்லித்தோப்பில். ரெட்டியார்பாளையம் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் குழி தோண்டியிருந்தது. மாவிலை கட்டிய மூங்கில் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் அம்மா நடுரோட்டில் நின்று, நெற்றிக்குக் கையை வைத்து விழுப்புரம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் குரல் கொடுத்தார். சபாபதி எழுந்திருக்கவில்லை. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டான்.

"டேய், உங்க அம்மாடா" என்றேன்.

"நெல்லித்தோப்புல எறங்கறேன்."

பஸ் கிளம்பிவிட்டது. அந்த அம்மா சின்னதாகிக்கொண்டே போனாள். தனம் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டால்? இந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் முழுசாக வந்தது. அவள் சொல்லக்கூடியவள். ஒரு தடவை என்னையே வீட்டுக்கு வெளியே வைத்துத் தாழ்ப்பாள் போட்டவள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், இரண்டு வீடும் எழ முடியாது. இவனை மலைக்குக் கூட்டிப்போனவன் நான். டீக்கடையில் பேசினவனும் நான்.

வாசலில்

எங்கள் வாசலில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். அப்பா கையில் மூங்கில். என்னைப் பார்த்தார். என் ஒற்றைக் கைச் சட்டையைப் பார்த்தார். பின்னால் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். மனுஷனுக்கு எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

"பத்திரிகை வச்சாச்சா?" என்றார்.

சபாபதி அவரைத் தாண்டிப் போனான். நிலைப்படிக்கு உள்ளே தனம் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் மஞ்சள் காயவில்லை. அவன் படிக்கு வெளியே நின்றான். இடது கையை ஒளிக்காமல் முன்னால் நீட்டியே வைத்திருந்தான்.

"தனம், உன்ன யாரும் கேக்கலன்னு உங்க அண்ணன் சொன்னான். நான் கேக்கறேன். என்னைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா? இல்லன்னா சொல்லிடு. பழிய நான் ஏத்துக்கறேன்."

மாமா ஒருவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தனம் அவன் கையைப் பார்த்தாள். அப்புறம் கால்களைப் பார்த்தாள்.

"நான் ரெண்டு நாளு அழுததா அண்ணன் சொல்லிச்சாமே, டீக்கடைல?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ரெண்டு நாளு இல்ல. ஒரு நாளுதான் அழுதேன். கல்யாணம் தையில இல்ல, வைகாசிக்குத் தள்ளிப்போவும்னு மொதல்ல சொன்னாங்களே, அன்னிக்கு."

அவளே மறுபடி சொன்னாள்:

"எமகண்டம் வருது. போயி உங்க வீட்டுக் கால நடுங்க."

அந்துவான் எங்கள் வீட்டு சைக்கிளை எடுத்தான். சபாபதி பின்னால் ஏறி உட்கார்ந்தான். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தூரத்தில் தெரியவில்லை. பத்தேகாலுக்கு அவர்கள் வீட்டில் கால் நட்டுவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது.

எங்கள் வீட்டிலும் நட்டார்கள். மண் தள்ளி மிதிக்கும் வரை மூங்கிலை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அப்பா கையால் ஜாடை காட்டினார். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பந்தக்காலை நான் தாங்கிக்கொண்டிருந்ததாகத்தான் சொந்தக்காரர்கள் நினைத்திருப்பார்கள். என் முழங்கால் இருந்த இருப்புக்கு, அது மட்டும் இல்லையென்றால் நான் அந்தக் குழிக்குள்ளேயே விழுந்திருப்பேன்.